ஜோ மீக்: வாடகை வீட்டில் உலக ஹிட் கொடுத்தவர்... தரை முழுக்க வயர்! இன்றைய ஹோம் ஸ்டூடியோவுக்கு என்ன பாடம்?

கீழே தோல் பை, பெட்டி விற்கும் கடை. மேலே மூன்று தளங்கள். எல்லாம் வாடகை. மாடிப்படியில் வயலின்காரர்கள் நெருக்கியடித்து நிற்க, பாத்ரூமில் ஒரு ஸ்பீக்கரும் மைக்கும். அறைக்கு அறை வயர் ஓடுகிறது. வெட்டிப்போட்ட டேப் துண்டுகளும் அந்த வயர்களும் சேர்ந்து தரையே தெரியவில்லை.

1960-களின் தொடக்கத்தில் லண்டன், ஹாலோவே சாலை, 304-ம் எண் வீடு இப்படித்தான் இருந்தது. அங்கே வாழ்ந்து, அங்கேயே பதிவு செய்து, அங்கேயே இறந்துபோனவர் ஜோ மீக். அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் ராக் குழு பீட்டில்ஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே, 1962 டிசம்பரில், இந்த வீட்டில் பதிவான ஒரு இசைத்துண்டு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

படுக்கையறையில் ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப் வைத்துக்கொண்டு பாட்காஸ்ட்டோ பாட்டோ பதிவு செய்யும் எல்லோருக்கும் இவர் ஒருவகையில் தாத்தா. மேசைக்குக் கீழே சிக்கிக் கிடக்கும் கேபிள் கொத்துக்கும் இவர்தான் தாத்தா! அதனால் அவர் கதையோடு கேபிள் கதையையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

தோட்டத்துக் கொட்டகையிலிருந்து லண்டனுக்கு

ராபர்ட் ஜார்ஜ் மீக் பிறந்தது 1929 ஏப்ரல் 5. ஊர், இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷைரில் உள்ள நியூவென்ட் என்ற சின்ன ஊர். மற்ற பையன்கள் பந்து விளையாடிய வயதில் இவர் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டாய ராணுவ சேவைக் காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை. திரும்பி வந்ததும் மின்வாரிய வேலை. அந்த வேலையில் கைக்குக் கிடைத்த பொருட்களை வைத்து இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்றையே சொந்தமாகச் செய்துவிட்டார்.

இசை படித்தவர் இல்லை. நோட்ஸ் எழுதத் தெரியாது. எந்த வாத்தியமும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. மனதில் தோன்றிய மெட்டை, சுருதி சேராத குரலில் தானே பாடி டேப்பில் பதிந்து, இசைக்கலைஞர்களிடம் கொடுத்துவிடுவார். அதைக் கேட்டு மெட்டைக் கண்டுபிடிப்பது அவர்கள் பாடு. ஆனால் மின்சாரம் வயருக்குள் எப்படிப் போகிறது, வழியில் என்ன ஆகிறது என்பது அவருக்கு அத்துப்படி.

1950-களின் நடுவில் லண்டனின் ஐபிசி ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் அரசு அலுவலகம் மாதிரி. மைக்கை வாத்தியத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும், மீட்டர் முள் சிவப்பைத் தொடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி. மீக் மைக்கை வாத்தியத்தின் வாய்க்கே கொண்டுபோனார். ஒலியை அழுத்தினார், சிதைத்தார். 1956-ல் ஹம்ஃப்ரி லிட்டில்டன் என்ற ஜாஸ் கலைஞரின் ‘பேட் பென்னி ப்ளூஸ்’ பதிவில் பியானோவையும் டிரம்ஸையும் முன்னால் தள்ளிவைத்து கலக்கினார். லிட்டில்டனுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டு ஹிட்டானது.

அதே ஆண்டில் ஆன் ஷெல்டன் பாடிய ஒரு பாட்டுக்கு ராணுவ அணிவகுப்புச் சத்தம் தேவைப்பட்டது. ஒரு பெட்டியில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினார். வேலை முடிந்தது. பிறகு லான்ஸ்டவுன் ஸ்டூடியோ. அங்கேயும் மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. 1960-ல் ‘ட்ரையம்ஃப்’ என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தில் பங்குதாரர். மைக்கேல் காக்ஸ் பாடிய ‘ஏஞ்சலா ஜோன்ஸ்’ முதல் பத்துக்குள் வந்தது. கேட்ட கடைகளுக்கு எல்லாம் தட்டு அனுப்ப முடியவில்லை. ஹிட்டே நஷ்டமாகிப் போன கதை.

மேஜர் வில்ஃப்ரெட் பேங்க்ஸ் என்ற தொழிலதிபர் பணம் போட முன்வந்தார். அந்தப் பணத்தில் பிடித்ததுதான் ஹாலோவே சாலை வீடு.

ஏன் இத்தனை வயர்?

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். ஏனென்றால் உங்க மேசைக்குக் கீழே நடப்பதும் இதேதான்.

பெரிய ஸ்டூடியோவில் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் வயர் போயிருக்கும். வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியாது. எல்லாம் தரை மேலேதான். எதிரொலி வேண்டுமா? மேல் மாடி பாத்ரூமுக்கு ஒரு வயரில் ஒலியை அனுப்பி ஸ்பீக்கரில் போட வேண்டும். அங்கே எதிரொலிப்பதை இன்னொரு மைக் பிடித்து, இன்னொரு வயரில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு எஃபெக்ட்டுக்கு இரண்டு வயர், போக ஒன்று, வர ஒன்று. ஒலியை அழுத்த ஒரு பெட்டி என்றால் அதற்கும் இரண்டு. ஹீட்டரின் ஸ்பிரிங்கைக் கழற்றி எதிரொலிப் பெட்டி செய்தார். அதற்கும் இரண்டு. அப்புறம் இரண்டு டேப் ரெக்கார்டர்கள். ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, அதன்மேல் புதிய வாத்தியத்தைச் சேர்த்து மற்றொன்றில் பதிவார். அது திருப்தியில்லை என்றால் மறுபடி இங்கிருந்து அங்கே.

ஆக, பெட்டி ஒன்று கூடினால் வயர் இரண்டு கூடும். வயர் குவிவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம்.

இன்று அந்தப் பெட்டிகளில் பாதி லேப்டாப்புக்குள் சாஃப்ட்வேராகப் போய்விட்டன. ஆனாலும் ஏன் சிக்கல்? பெரும்பாலும் வாங்கும்போதே தப்பான கேபிளை வாங்குகிறோம். அல்லது தேவையைவிட மூன்று மடங்கு நீளத்தில் வாங்குகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை. மைக்கிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். பக்கத்திலேயே 230 வோல்ட் மின்சாரம், விநாடிக்கு 100 முறை திசை மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. யானைக்குப் பக்கத்தில் எறும்பு. அந்த யானையின் மூச்சுதான் ரெக்கார்டிங்கில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்.

இதைத் தடுக்க வந்ததுதான் பேலன்ஸ்டு கேபிள். உள்ளே இரண்டு கம்பி, சுற்றிலும் கவசம். ஒரு கம்பியில் சிக்னல் அப்படியே போகும். இன்னொன்றில் அதன் தலைகீழ் நகல். வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். மறுமுனையில் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பொதுவாக இருப்பது அடிபட்டுப் போகும். மைக்குகளில் இருக்கும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கனெக்டர் இந்த வகை. ஸ்பீக்கர்களுக்குப் போகும், இரண்டு கறுப்பு வளையம் உள்ள கால் அங்குல டிஆர்எஸ் பிளக்கும் இதே வேலையைச் செய்யும், இருபக்கக் கருவியும் அதற்கு ஏற்றதாக இருந்தால்.

கிடார் கேபிள் அப்படியில்லை. ஒரு கம்பி, ஒரு கவசம், அவ்வளவுதான். நீளம் கூடக் கூட இரைச்சலும் ஏறும், ஒலியின் கூர்மையும் மங்கும். ஐந்தாறு மீட்டருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பேலன்ஸ்டு என்றால் முப்பது மீட்டர் போனாலும் பயமில்லை. ஆக, கிடாரையும் கீபோர்டையும் இன்டர்ஃபேஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். மைக் தூரத்தில் இருக்கலாம். இந்த ஒரு முடிவே அறையில் பாதி சிக்கலைக் குறைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் பார்ப்பதற்கு கிடார் கேபிள் மாதிரியே இருக்கும். உள்ளே கதையே வேற. அதில் கவசம் கிடையாது, கம்பி தடிமன். மாற்றிப் போட்டால் ஒன்று இரையும், இன்னொன்று சூடாகும்.

டெல்ஸ்டார்

1961-ல் ஜான் லெய்டன் பாடிய ‘ஜானி ரிமெம்பர் மீ’ பிரிட்டனில் முதலிடம். வீட்டில் பதிவான பாட்டு முதலிடம் பிடித்ததைப் பெரிய நிறுவனங்கள் ரசிக்கவில்லை. மீக் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

1962 ஜூலை 10-ம் தேதி டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அட்லான்டிக் கடலைத் தாண்டி நேரடித் தொலைக்காட்சிப் படம் காட்டியது அதுதான். விண்வெளிப் பைத்தியமான மீக் மனதில் உடனே ஒரு மெட்டு. டொர்னேடோஸ் குழு வந்து அடிப்படை இசையைப் பதிந்துவிட்டு, கச்சேரிக்காக கிரேட் யார்மத் கடற்கரை ஊருக்குத் திரும்பிவிட்டது. முக்கிய மெட்டை கிளேவியோலின் என்ற எலக்ட்ரானிக் கீபோர்டில் வாசித்தவர் ஜெஃப் காடர்ட். ராக்கெட் சத்தம், சிக்னல் சத்தம் எல்லாம் மீக்கின் கைவேலை.

ஆகஸ்ட்டில் வெளியான ‘டெல்ஸ்டார்’ பிரிட்டனிலும் முதலிடம், அமெரிக்காவிலும் முதலிடம். பல லட்சம் பிரதிகள் விற்றன. மெட்டு அமைத்தவரும் தயாரித்தவரும் ஒருவரே. பணம் கொட்டியிருக்க வேண்டும்.

கொட்டவில்லை. 1963-ல் ழான் லெட்ரூ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ‘ஆஸ்டர்லிட்ஸ்’ என்ற படத்துக்குத் தான் போட்ட இசையிலிருந்து மெட்டைத் திருடிவிட்டதாக வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை ராயல்டி முடக்கம். கோடீஸ்வரனாக இருக்க வேண்டிய ஆள், வீட்டு வாடகைக்குக் கணக்குப் பார்க்கும் நிலை.

அதே ஆண்டு இன்னொரு அடி. மீக் தன்பாலின ஈர்ப்பாளர். அன்றைய இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம். வீட்டுக்கு அருகில் ஒரு பொதுக் கழிப்பறையில் வைத்துக் கைது செய்யப்பட்டார். அபராதம் 15 பவுண்டு. அந்தத் தெருவின் பெயர் மெட்ராஸ் பிளேஸ்! நம்ம ஊர் பெயர் இப்படியொரு இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, செய்தி பத்திரிகையில் வந்தது. மிரட்டிப் பணம் பறிப்பார்கள் என்ற பயம் அவரை அதன்பிறகு விடவே இல்லை.

படிக்கட்டில் ஐந்து மைக்

1964. ஹனிகோம்ப்ஸ் என்ற புதிய குழு. டிரம்ஸ் வாசித்தவர் ஹனி லான்ட்ரீ, ஒரு பெண். அன்றைக்கு அது அபூர்வம். ‘ஹேவ் ஐ தி ரைட்’ பாட்டுக்கு டிரம்ஸ் அடி மட்டும் போதவில்லை என்று நினைத்தார் மீக். குழுவை மரப்படிக்கட்டில் நிறுத்தி, தாளத்துக்கு ஏற்பக் காலால் ஓங்கி மிதிக்கச் சொன்னார். சைக்கிள் ஓட்டுபவர்கள் பேன்ட்டில் மாட்டும் கிளிப்பை வைத்து, படிக்கட்டுக் கைப்பிடியில் ஐந்து மைக்குகளைப் பொருத்தினார். பாட்டு பிரிட்டனில் முதலிடம்.

ஐந்து மைக் என்றால் படிக்கட்டிலிருந்து கன்ட்ரோல் அறைக்கு ஐந்து நீள வயர். யாராவது தடுக்கி விழுந்தால்?

இதே வேலைக்கு இன்று மல்டிகோர் கேபிள் இருக்கிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதைப் பாம்பு என்றுதான் சொல்வார்கள், ‘ஸ்நேக்’. நாலு, எட்டு, பதினாறு கேபிள்கள் ஒரே உறைக்குள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கவசத்தோடு. ஒரு முனையில் சின்னப் பெட்டி, மைக்குகளை அதில் சொருகினால் போதும். அறையைக் குறுக்கே கடப்பது ஒரே ஒரு கேபிள். டிரம்ஸ் பதிவு செய்பவர்கள், அடுத்த அறையில் பாடகரை நிறுத்துபவர்கள் முதலில் வாங்க வேண்டியது இது. ஒரே மைக்கில் பேசும் பாட்காஸ்ட்காரருக்கு இது வெட்டிச் செலவு.

இன்டர்ஃபேஸில் சேனல் போதவில்லையா? ஏடாட் என்று எழுதிய ஒளித்துளை இருக்கிறதா பாருங்கள். மெல்லிய ஆப்டிகல் கேபிள் ஒன்றே எட்டுச் சேனலைக் கொண்டுபோகும், 48 கிலோஹெர்ட்ஸ்வரை. உள்ளே போவது வெளிச்சம் என்பதால் கரன்ட் இரைச்சல் அதில் ஒட்டாது. வளைத்து மடக்கினால் மட்டும் உடைந்துபோகும்.

புளூடூத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் வயரே வேண்டாமே என்று தோன்றும். பாட்டுக் கேட்கச் சரி. பதிவு செய்யும்போது தாமதம் நூறு மில்லிசெகண்டைத் தாண்டிப் போகலாம். பாடுபவர் காதில் தாளம் பின்தங்கிக் கேட்டால் பாட முடியாது. வயர் ஒழியாது, ஒழுங்காக்கத்தான் முடியும்.

அதற்கு ஆகும் செலவு குறைவு. ஒரு நூலை எடுத்து, கேபிள் உண்மையில் போகப்போகும் வழியில், அதாவது மேசைக் காலோடு, சுவர் ஓரமாக அளந்துவிட்டு, கொஞ்சம் தளர்வு சேர்த்து அந்த நீளத்துக்கு வாங்குங்கள். சுவரை ஒட்டிய கருவிகளுக்கு எல் வடிவ பிளக். பவர் கேபிள்கள் மேசையின் ஒரு பக்கம், ஆடியோ கேபிள்கள் மறுபக்கம். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி குறுக்காகக் கடக்கட்டும், ஜோடியாக நீளத்துக்குப் போக வேண்டாம். மிச்சத்தைச் சுருட்டி அடாப்டர் மேல் வைக்காதீர்கள். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை. பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால் அடுத்த வாரம் ஒரு கேபிளை மாற்ற எல்லாவற்றையும் வெட்ட வேண்டியிருக்கும். இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் ஒட்டுவது ஒட்டாததற்குச் சமம்.

இரைச்சல் போகவில்லை என்று மூன்று பின் பிளக்கில் எர்த் முள்ளைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. செய்யவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கணினி, ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுத்தாலே பெரும்பாலான இரைச்சல் அடங்கும்.

குழப்பமான அறைதான் படைப்பாற்றலுக்கு அடையாளம் என்று மீக்கை உதாரணம் காட்டி எழுதுபவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. எந்த ஒலி எந்த வழியாகப் போய் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்ததால்தான் அவரால் அந்தக் குவியலுக்குள் வேலை செய்ய முடிந்தது. மற்றவர்கள் அதைத் தெரிந்துகொள்ளவும் அவர் விடவில்லை. தன் உத்திகளைத் திருடிவிடுவார்கள் என்று பயந்தார்.

கடைசி ஆண்டுகள்

அந்தப் பயம் வளர்ந்தது. பெரிய நிறுவனங்கள் தன் வீட்டில் ஒட்டுக்கேட்புக் கருவி வைத்திருப்பதாக நம்பினார். தூக்க மாத்திரை, ஊக்க மாத்திரை, ஆவியுலக நம்பிக்கை எல்லாம் சேர்ந்துகொண்டன. பீட்டில்ஸ் அலையில் இசையின் போக்கே மாறியது. 1966-ல் க்ரையிங் ஷேம்ஸ் குழுவின் ‘ப்ளீஸ் ஸ்டே’ தரவரிசைக்குள் எட்டிப்பார்த்தது. அதுதான் கடைசி. கிடார் வாசித்த ரிச்சி பிளாக்மோர் பிறகு டீப் பர்ப்பிள் குழுவில் உலகப் புகழ் பெற்றார். இப்படி அந்த வீட்டுப் படிகளில் ஏறி இறங்கிய இளைஞர்கள் வளர்ந்துகொண்டிருக்க, வீட்டுக்காரர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

கீழ்க்கடையை நடத்தியவர்கள்தான் வீட்டை அவருக்கு வாடகைக்கு விட்ட ஷென்டன் தம்பதி. சத்தம் தாங்காமல் வயலட் ஷென்டன் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார், பதிலுக்கு மீக் ஸ்பீக்கரைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவைப்பார் என்று ஒரு கதை உண்டு. சிரிப்பாகச் சொல்லப்பட்ட அந்தக் கதைக்கு முடிவு கொடூரமானது. 1967 பிப்ரவரி 3-ம் தேதி, மீக் தன் பாடகர் ஒருவருக்குச் சொந்தமான துப்பாக்கியால் வயலட்டைச் சுட்டுக் கொன்றார். பிறகு தன்னையும் முடித்துக்கொண்டார். வயது 37. அவர் மிகவும் நேசித்த பாடகர் பட்டி ஹாலி விமான விபத்தில் இறந்ததும் ஒரு பிப்ரவரி 3-ம் தேதிதான், 1959-ல்.

மீக்கின் கதை சொல்பவர்கள் வயலட்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மேல் மாடியின் சத்தத்தைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் வயது வந்த ஆண்களின் தனிப்பட்ட உறவு குற்றமல்ல என்று சட்டம் மாறியது. டெல்ஸ்டார் வழக்கும் மீக் இறந்த பிறகே அவருக்குச் சாதகமாக முடிந்தது. முடங்கிக் கிடந்த பணத்துக்கு வழி பிறந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

வீட்டில் மிஞ்சியவை டேப்புகள். ஆயிரத்து எண்ணூறுக்கும் மேல். டாம் ஜோன்ஸ் புகழ்பெறுவதற்கு முன் பாடியதும் மீக்கின் பதிவுகளில் உண்டு. தேயிலைப் பெட்டிகள் 67-ல் அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்த டேப்புகளை 300 பவுண்டுக்கு வாங்கியவர் கிளிஃப் கூப்பர். மீக்கிடம் பதிவு செய்த ஒரு குழுவில் இருந்தவர், பின்னாளில் ஆரஞ்ச் ஆம்ப்ளிஃபையர் நிறுவனத்தைத் தொடங்கியவர். பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்த பெட்டிகளை 2020-ல் செர்ரி ரெட் என்ற இசை நிறுவனம் வாங்கியது. டேப்புகள் ஒவ்வொன்றாக டிஜிட்டலாகி, ஆல்பங்களாக வெளிவரத் தொடங்கியிருக்கின்றன.